கூரை மாற்றுவது: கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன்பும் கூப்பிட்ட பின்பும் வரும் கேள்விகள்

கூரையை மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு இங்கே பதில் இல்லை. இடத்துக்கு இடம், வீட்டுக்கு வீடு மாறும் தொகையைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லி யாருக்கும் பயன் இல்லை. ஆனால் அந்தத் தொகை எங்கே ஒளிந்திருக்கும், வேலை பாதியில் நிற்கும்போது எங்கிருந்து எகிறும் என்பதைச் சொல்லலாம். பெரும்பாலும் ஓடு, தகர ஷீட், ஷிங்கிள் (ஒன்றின் மேல் ஒன்று விழும்படி அடுக்கும் மெல்லிய தார்ப் பட்டைகள்) போட்ட சரிவுக் கூரையை மனதில் வைத்து எழுதியது. கான்கிரீட் தளத்துக்கு நடுவில் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில்தான் ஒழுகுகிறது. அதற்குப் போய் முழுக் கூரையையும் மாற்ற வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். ஒழுகல் பெரும்பாலும் கூரையின் நடுவில் தொடங்குவதில்லை, ஏதாவது ஒன்று இன்னொன்றோடு சேரும் இடத்தில்தான் தொடங்கும்: சுவர் கூரையை முட்டும் இடம், புகைபோக்கியின் சுற்றுப்புறம், காற்றுக்குழாய் வெளியே வரும் ஓட்டை, இரண்டு சரிவுகள் சந்திக்கும் கூடல்வாய். இந்த இடங்களில் மடித்து வைக்கும் தகட்டைத்தான் ஃப்ளாஷிங் என்கிறார்கள். அது துருப்பிடித்தோ பிரிந்தோ போயிருந்தால் அதை மட்டும் மாற்றினாலே சரியாகிவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள், சொட்டுகிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீர் மேலே எங்கோ நுழைந்து, கைமரத்தை ஒட்டியே வழிந்து வந்து, ஆணி ஒன்றைக் கண்டதும் அங்கே சொட்டும். அதனால் கூரைக்கு அடியில் ஏற வழி இருந்தால் பகலில் ஒரு டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். முதலில் டார்ச்சை அணைத்துவிட்டு வெளிச்சம் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று கவனியுங்கள், அப்புறம் டார்ச் அடித்து மரத்தில் கறுத்த தடம் எங்கிருந்து இறங்குகிறது என்று மேல்நோக்கிப் பின்தொடருங்கள். கறுத்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், மக்கிய மரத்தில் முனை சும்மா உள்ளே போகும். இப்படி ஒன்றிரண்டு இடம் என்றால் பழுதுபார்த்தால் போதும், குத்துகிற இடமெல்லாம் உள்ளே போனால் முழு வேலைக்குத் தயாராகிவிடுங்கள்.

மழை இல்லாத நாளில் சோதிக்க வேண்டுமென்றால் தோட்டத்து ஹோஸ் போதும். ஒருவர் உள்ளே நின்று பார்க்க, இன்னொருவர் கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடவிட்டு, மெதுவாக மேலே நகர வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து, எங்கே நுழைந்தது என்று கடைசி வரை தெரியாது.

கூரைக்கு வயதாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொருளைப் பொறுத்தது. தார் ஷிங்கிள் ஏறக்குறைய 15 முதல் 30 வருடம் தாங்கும். அதன் மேலிருக்கும் பொடிக்கல் உதிர்ந்து, கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் கட்டரில் மணல்போலச் சேர ஆரம்பித்தால் கடைசிக் காலம் நெருங்கிவிட்டது. சுட்ட மண் ஓடு 50 வருடத்தைத் தாண்டியும் நிற்கும், ஆனால் பல வீடுகளில் அதற்கு அடியில் விரித்த நீர்த்தடுப்பு விரிப்பும், ஓடு உட்காரும் குறுக்குக் கட்டைகளான ரீப்பர்களும் அதில் பாதிக் காலத்திலேயே போய்விடும். அப்போது ஓட்டைப் பத்திரமாக இறக்கி, அடியில் உள்ளதை மாற்றிவிட்டு, அதே ஓட்டைத் திரும்ப அடுக்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதைப் பல கான்ட்ராக்டர்கள் தாமாகச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தகர ஷீட்டில் தகரத்துக்கு முன்னால் சாவது திருகின் கீழே இருக்கும் ரப்பர் வாஷர். அது வெயிலில் காய்ந்து வெடித்தால் ஒவ்வொரு திருகும் ஒரு சின்ன ஓட்டை. ஷீட் நன்றாக இருந்து வாஷர் மட்டும் போயிருந்தால், கொஞ்சம் தடிமனான புதுத் திருகுகளை மாற்றிப் போட்டே இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஒரு ஷீட் இன்னொன்றின் மேல்விழும் விளிம்புகளுக்கு அடியில் சிவப்புத் துரு பரவியிருந்தால் மாற்றுவதுதான் வழி.

மெட்டல் கூரை. மழையே இல்லாமல் உள்ளே சொட்டுகிறது. இது என்ன கூத்து?

ஒழுகல் இல்லை, வியர்வை. வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தின் அடியில் பட்டுத் தண்ணீராகிறது. புதுக் கூரை போட்டாலும் இது போகாது. அடியில் இன்சுலேஷனும், கீழ் விளிம்பில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழியும் வேண்டும்.

எங்களுடையது கான்கிரீட் தளம். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஆள் தேர்வு, ஒப்பந்தம், பணம் எல்லாம் பொருந்தும், வேலைதான் வேறு. கான்கிரீட் தளத்தை இடித்து மாற்றுவது அபூர்வம், மேலே போடும் நீர்த்தடுப்பைத்தான் மாற்றுவார்கள். முதலில் வாட்டத்தைப் பாருங்கள். மழை நின்று இரண்டு நாள் ஆகியும் தண்ணீர் தேங்கியிருந்தால் வாட்டம் சரியில்லை, அதன் மேல் எந்த விலை உயர்ந்த கோட்டிங் அடித்தாலும் அது தற்காலிகம்தான். ஒரு அடிக்குக் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 2 சதவீதச் சரிவு என்பது பரவலாகச் சொல்லப்படும் குறைந்த அளவு. தேங்கும் தண்ணீரின் பாரமும் சாதாரணமல்ல. 10 சென்டிமீட்டர் தேங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ.

அடிப்பக்கம் கான்கிரீட் பொரிந்து கம்பி தெரிகிறதா? அப்படியானால் இது நீர்த்தடுப்பு வேலையே அல்ல. கம்பி துருப்பிடிக்கும்போது அந்தத் துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், பெயின்ட் கம்பெனி ஆளை அப்புறம் கூப்பிடலாம்.

பழைய கூரையைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் எனக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. பிரிக்கிற கூலியும் குப்பை அகற்றுகிற செலவும் மிச்சம் என்பது உண்மை. அதே சமயம் அடியில் மரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பத்தையும் விட்டுவிடுகிறீர்கள், பாரமும் கூடுகிறது. ஷிங்கிள் விஷயத்தில், ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்தால் மூன்றாவதை அமெரிக்க மாதிரிக் கட்டட விதிகள் அனுமதிப்பதில்லை.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது?

இதற்குக் கடைக்காரர் சொல்லும் பதில் நிறமும் டிசைனும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது எடை. மெல்லிய ஸ்டீல் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோதான் வரும், மண் ஓடோ சிமென்ட் ஓடோ சாதாரணமாக 40 கிலோவைத் தாண்டும். கூரைப் பரப்பு 100 சதுர மீட்டர் என்று வையுங்கள், தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போட்டால் அதே மரச்சட்டத்தின் தலையில் மூன்றரை டன் கூடுதலாக ஏற்றுகிறீர்கள். "அதெல்லாம் தாங்கும் சார்" என்பது கணக்கு ஆகாது, ஒரு பொறியாளர் எழுதித் தர வேண்டும். தலைகீழாக, ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டால் பாரம் குறையும், ஆனால் இதுவரை தன் எடையாலேயே உட்கார்ந்திருந்த கூரை இனிமேல் காற்றில் கிளம்பப் பார்க்கும். கைமரங்களைச் சுவரோடு பிடித்து இறுக்கும் பட்டைகள் போட வேண்டியிருக்கும். பலர் யோசிக்காத இடம் இது.

அடுத்து சரிவு. ஓடும் ஷிங்கிளும் தண்ணீரை வழியவிடுகிறவை, அடைக்கிறவை அல்ல. அதனால் அவற்றுக்குப் போதிய சரிவு வேண்டும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் குறைந்தபட்சச் சரிவு எவ்வளவு என்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டிலேயே போட்டிருக்கும். சரிவு குறைவான கூரைக்கு நீள ஷீட் பாதுகாப்பு.

தகரம் என்று முடிவு செய்தால் கோட்டிங் என்ன என்று கேளுங்கள். வெறும் துத்தநாகம் பூசியது ஒன்று, 55 சதவீதம் அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கொஞ்சம் சிலிக்கனும் கலந்து பூசிய கால்வால்யூம் வகை இன்னொன்று. இரண்டாவது பொதுவாக நீண்ட நாள் உழைக்கும், ஆனால் செம்பு அதற்கு எதிரி. செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர்கூட விழுந்த இடத்தை அரித்துவிடும். வெயில் அதிகம் என்றால் வெளிர் நிறம் எடுங்கள், அடியில் இன்சுலேஷன் கண்டிப்பாகப் போடுங்கள். மழைச் சத்தத்தையும் அதுதான் குறைக்கும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. கழற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இதில் விளையாட்டு வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் முழுத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. உடையாமல் இருக்கும் ஷீட்டில் ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளை போடும்போதும், பிரஷர் வாஷரால் கழுவும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழை பறக்கிறதே, அதுதான் நுரையீரலுக்குள் போகிறது. நோய் தெரியவருவதற்குள் பல பத்து வருடம் ஓடிவிடும்.

முடிந்தவரை அதற்கென்று உரிமம் உள்ள ஆட்களிடம் விடுங்கள். ஷீட்டை நனைத்து, கொக்கிகளைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றி, எங்கே கொட்ட அனுமதியோ அங்கே கொட்ட வேண்டும். மேலிருந்து கீழே எறிகிற ஆளாக இருந்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள்.

கான்ட்ராக்டர் சொல்லும் பரப்பளவு சரியா என்று நானே எப்படிப் பார்ப்பது?

கூரையின் வெளிவிளிம்பு வரைக்கும் தரையில் நீள அகலம் அளந்து பெருக்குங்கள், அப்புறம் சரிவுக்கு ஏற்ற எண்ணால் பெருக்குங்கள். 20 டிகிரிக்கு 1.06, 30 டிகிரிக்கு 1.15, 45 டிகிரிக்கு 1.41. சரிவை போனில் உள்ள லெவல் ஆப்பே காட்டிவிடும். 10 மீட்டருக்கு 12 மீட்டர் தரைப்பரப்பு 120 சதுர மீட்டர், 30 டிகிரி சரிவு என்றால் கூரை 138. சேதாரம், மேல்விழும் விளிம்பு என்று கொஞ்சம் சேர்ப்பது நியாயம், கூடல்வாய்கள் நிறைய இருந்தால் இன்னும் கூடும். 170 என்று வந்தால் விளக்கம் கேளுங்கள்.

எத்தனை பேரிடம் எஸ்டிமேட் வாங்குவது, எப்படி ஒப்பிடுவது?

மூன்று பேர் போதும். ஆனால் கீழே இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஷீட்டும் ஓடும் யாரிடம் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலைதான், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் வருகிறது. பழைய ஃப்ளாஷிங்கையே திரும்ப வைக்கப்போகிறாரா, புதிதா? அடி விரிப்பு உண்டா, எந்த வகை? மக்கிய ரீப்பர் மாற்றுவது தொகையில் அடக்கமா? குப்பையை யார் ஏற்றிச் செல்வது? சாரம் கட்டும் செலவு? கட்டர், முகட்டு ஓடு? இந்த வரிகள் இல்லாத எஸ்டிமேட் மலிவாகத்தான் இருக்கும். அந்த வரிகளெல்லாம் வேலை பாதியில் நிற்கும்போது, கூரை திறந்து கிடக்கும்போது, "எக்ஸ்ட்ரா" என்ற பெயரில் வரும். அந்த நேரத்தில் உங்களால் பேரம் பேச முடியாது.

நான் சொல்வது, என்னென்ன செய்ய வேண்டும் என்று நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி மூன்று பேருக்கும் அதையே கொடுங்கள். மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் உறுதி. அதில் எதையாவது பார்த்து "இது தேவையில்லை, காரணம் இது" என்று ஒருவர் வாதாடினால் அவரை உடனே ஒதுக்கிவிடாதீர்கள், யோசிக்கிற ஆள் அவர்.

நல்ல கான்ட்ராக்டர் என்று எதை வைத்துச் சொல்வது?

மேலே ஏறினாரா என்று பாருங்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துத் தொகை சொல்கிறவர் ஒன்று அதிகம் சொல்கிறார், அல்லது பின்னால் கேட்கப்போகிறார். நல்ல ஆள் ஏறிப் பார்ப்பார், அடிப்பக்கத்தையும் பார்க்கக் கேட்பார், போட்டோ எடுத்துவந்து காட்டுவார், உங்களிடம் அவர் கேட்கும் கேள்விகள் நீங்கள் அவரிடம் கேட்பதைவிட அதிகமாக இருக்கும்.

பழைய வாடிக்கையாளர் பெயர் கேட்டால் எல்லாரும் தருவார்கள். போன மாதம் முடித்த வேலையைக் காட்டினால் பயனில்லை, புதுக் கூரை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நாலைந்து மழைக்காலம் பார்த்த வேலையைக் கேளுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் "நல்லா செய்தாரா?" என்று கேட்காமல், "ஏதாவது பிரச்சினை வந்ததா, கூப்பிட்டதும் வந்தாரா?" என்று கேளுங்கள். வேறு வேறு பதில் வரும்.

வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழைப் பார்த்து, முடிந்தால் காப்பீட்டு நிறுவனத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் பொறுப்பு உங்கள் மேல் திரும்பக்கூடும். மேலே ஏறுகிறவர்கள் அவருடைய ஆட்களா, வேறு யாரிடமாவது கைமாற்றி விடுகிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். கைமாற்றுவது தப்பில்லை, தினமும் வந்து யார் பார்ப்பார்கள் என்பது தெரிய வேண்டும்.

புயல் அடித்த மறுநாள் கதவைத் தட்டி "உங்கள் கூரை பெயர்ந்திருக்கிறது, இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்கிறவர்களுக்கு ஒரே பதில்: போய்வாருங்கள்.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பொருளின் பிராண்ட், தடிமன், நிறம், வேலை தொடங்கும் தேதி, முடியும் தேதி, குப்பை, அனுமதி வாங்குவது யார் என்பதெல்லாம் வழக்கமானவை. இதையெல்லாம்விட முக்கியமான ஒரு வரி இருக்கிறது: பிரித்தபின் தெரியவரும் சேதத்துக்கு முன்கூட்டியே யூனிட் விலை. மக்கிய ரீப்பர் மாற்ற ஒரு மீட்டருக்கு இவ்வளவு, கைமரம் ஒன்றுக்கு இவ்வளவு, பலகை சதுர மீட்டருக்கு இவ்வளவு. அதோடு, மாற்றும் முன் போட்டோ எடுத்துக் காட்டி உங்கள் ஒப்புதலை வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தாக வாங்க வேண்டும் என்பதும். பிரிக்கும் வரை அடியில் என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, அது நியாயம்தான். அதற்காகத்தான் அளவைத் திறந்து வைத்து விலையை மட்டும் மூடுகிறோம். இந்த வரியை எழுத மறுக்கிறவரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன். கையில் தனியாக ஒரு பத்து, பதினைந்து சதவீதம் ஒதுக்கியும் வையுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

கட்டம் கட்டமாக. சின்ன அட்வான்ஸ், பொருள் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, பாதி வேலையில் ஒரு பகுதி, கடைசிப் பகுதி ஒரு நல்ல மழை பார்த்தபிறகு அல்லது ஹோஸ் சோதனைக்குப் பிறகு. அந்தக் கடைசிப் பகுதி அவர் திரும்பி வரும் அளவுக்கு இருக்க வேண்டும், பத்து சதவீதத்துக்குக் குறைய வேண்டாம். தேதியை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள், முடிந்த வேலையை வைத்துக் கொடுங்கள். பொருள் வாங்கிய பில்லையும் கேளுங்கள், கடைக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பது உங்கள் கவலையும்தான்.

வேலை நடக்கும்போது நான் கீழே நின்று எதைப் பார்க்க முடியும்?

நிறையவே. ஷீட் என்றால் ஒரு திருகைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வாஷர் லேசாக அமுங்கி, மேலே உள்ள உலோக வட்டத்தின் விளிம்போடு சமமாக இருந்தால் சரி. ரப்பர் பிதுங்கி வெளியே வந்திருந்தால் அதிகமாக முடுக்கிவிட்டார்கள், வாஷர் சுழன்றால் முடுக்கவே இல்லை. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் காற்றின் இழுப்பு அதிகம், அங்கே திருகுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். நடுவிலும் ஓரத்திலும் ஒரே இடைவெளி என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஷீட்டை கிரைண்டரில் வெட்டினால் வெட்டு விளிம்பில் பூச்சு கருகிப்போகும். அதற்கென்று இருக்கும் கத்தரியில் வெட்டச் சொல்லுங்கள். துளை போடும்போது விழும் இரும்புத் துகள்களை அன்றன்றைக்கே மெல்லிய துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும், விட்டால் ஒரே மழையில் புதுக் கூரை முழுக்கத் துருப்புள்ளி வந்துவிடும். நீள ஷீட் என்றால் அது வெயிலில் நீளும் என்பதும் கணக்கில் இருக்க வேண்டும். 10 மீட்டர் ஸ்டீல் ஷீட் 50 டிகிரி வெப்ப மாற்றத்தில் 6 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முகட்டிலும் சுவர் ஓரத்திலும் நகர இடம் விடாமல் இறுக்கினால் திருகு ஓட்டைகள் நாளடைவில் நீண்டுபோகும்.

எல்லாவற்றையும் சிலிக்கான் டியூபால் சரிசெய்கிற கையைக் கண்டால் உஷாராகுங்கள். சரியாக மடித்த தகட்டுக்கு அது உபரிப் பாதுகாப்பு, தகட்டுக்கு மாற்று அல்ல.

நடுவில் மழை வந்துவிட்டால்?

அன்றைக்கு மூட முடிந்த அளவை மட்டும்தான் அன்றைக்குப் பிரிக்க வேண்டும். தார்ப்பாய் மேலே தயாராக இருக்க வேண்டும், கடையில் அல்ல. உள்ளே நனைந்தால் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

வாரன்டி 25 வருடம் என்கிறார்களே, நம்பலாமா?

யாருடைய வாரன்டி என்று கேளுங்கள். அது அநேகமாகத் தயாரிப்பாளர் பொருளுக்குத் தருவது. ஷீட் தானாகத் துருப்பிடித்தால் பேசும், ஃப்ளாஷிங்கைத் தப்பாக மடித்ததால் ஒழுகினால் பேசாது. ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் கைவேலை என்பதால் உங்களுக்குத் தேவை கான்ட்ராக்டர் தரும் வேலை வாரன்டி. அது சில வருடம்தான் இருக்கும், எழுத்தில் இருந்தால் அதுவே பெரிது. தயாரிப்பாளர் வாரன்டியிலும் வருடம் ஏற ஏறத் தொகை குறைந்துகொண்டே போகும் வகை உண்டு, அவர்கள் குறிப்பேட்டின்படி பொருத்தவில்லை என்றால் செல்லாமலும் போகும்.

சோலார் போடும் எண்ணமும் இருக்கிறது. எது முதலில்?

கூரை. பேனல்கள் 25 வருடத்துக்கு மேல் ஓடக்கூடியவை, பத்து வருடத்தில் சாகப்போகும் கூரைமேல் வைத்தால் கழற்றி மாட்டும் கூலி தனியாக அழ வேண்டும். தாங்கிகள் எங்கே வரும் என்று இப்போதே கான்ட்ராக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நானே ஏறிச் செய்துவிட்டால் என்ன?

கட்டரைச் சுத்தம் செய்வது, ஏணியில் நின்றபடி பார்ப்பது வரை சரி. மற்றது வேண்டாம். கட்டட வேலையில் உயிர்ப்பலிக்கு முதன்மையான காரணம் உயரத்திலிருந்து விழுவதுதான். பழைய சிமென்ட் ஷீட்டும் வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டும் பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் கால் வைத்ததும் உடைந்து ஆளையே உள்ளே விட்டுவிடும்.

எல்லாம் முடிந்து, முதல் மழையிலேயே ஒழுகுகிறது. இப்போது?

பதறி வேறு யாரையும் ஏற்றிப் பூசவிடாதீர்கள், "மற்றவர் கை வைத்துவிட்டார்" என்று சொல்ல வழி கொடுத்துவிடுவீர்கள். அடியில் பாத்திரம் வையுங்கள், வீடியோ எடுங்கள், மழை எவ்வளவு நேரம் பெய்தது, காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றோடு வரும் மழையில் மட்டும் ஒழுகினால் அந்தப் பக்கத்துச் சுவர்ச் சேர்க்கையையோ முகட்டையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும், திருகு திருகாகத் தேடும் வேலை மிச்சம். இதையெல்லாம் கான்ட்ராக்டருக்கு எழுத்தில் அனுப்பி, எந்தத் தேதிக்குள் வருவார் என்று கேளுங்கள். நிறுத்திவைத்த கடைசித் தொகையை அவர் வந்து சரிசெய்து, அதே இடத்தில் ஹோஸ் பிடித்துப் பார்த்து, உள்ளே காய்ந்திருப்பதை உறுதி செய்தபிறகு கொடுங்கள்.